நடைபாதை பெஞ்சில் ஒரு சமூகவியல்

வக்கீல் மெரிடித் ப்ராசெக் மீது எங்கள் வெல்டன் ஊர் நீதிமன்றத்தில் இதுவரை நான்கு புகார்கள் வந்திருக்கின்றன. நான்கும் ஒரே புகார்தான்: விசாரணை அறைக்கு வெளியே உள்ள நடைபாதையில் கத்துகிறாள். உள்ளே எழுத்தர் ஒரு பெயரைக் கூப்பிட்டதும் இவள் எழுந்து, கதவைத் திறந்து, தன் கட்சிக்காரரோ இல்லையோ, அந்தப் பெயரைச் சந்தையில் கூவுவதுபோலக் கூவுகிறாள். நீதிமன்ற நிர்வாகி ஒருமுறை எனக்கு போன் செய்து, படித்த பெண் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். அவள் படித்த படிப்பைப் பற்றி உங்களுக்கு முழுக்கத் தெரியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

என் பெயர் மாவிஸ். இலவசச் சட்ட உதவி அலுவலகத்தின் முன்மேசையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வழக்கோடு வருகிறவர்கள் என் முன்னால்தான் அழுவார்கள். உள்ளே வக்கீலிடம் போகும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு போவார்கள். அதனால் எங்கள் வக்கீல்களுக்கு ஓஹாயோ மாநிலத்து ஜனங்கள் எல்லாரும் ரொம்ப நிதானமானவர்கள் என்று ஒரு நினைப்பு உண்டு. கோடைதோறும், சட்டக் கல்லூரியில் சேரப்போகும் பிள்ளைகள் யாராவது இரண்டு மாதம் உதவிக்கு வருவார்கள். ஒரு வருடம் வரலாறு படித்தவன் வந்தான், ஒரு வருடம் இசை படித்தவள் வந்தாள். வக்கீலாவதற்கு முன்னால் மெரிடித்தும் அப்படித்தான், சமூகவியல் படித்துவிட்டு வந்தாள்.

அவளுடைய அப்பா குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் மாட்டுகிறவர். அம்மா பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டு வரிசையில் கரண்டி பிடிக்கிறவர். அம்மாவின் வரிசையில் யார் முந்துகிறார்கள், யார் கடைசிக்குத் தள்ளப்படுகிறார்கள் என்று பத்து வயதிலேயே கவனித்து, வீட்டில் வந்து கணக்காகச் சொல்வாளாம். கல்லூரியில் சமூகவியல் எடுக்கப்போகிறேன் என்றதும் அப்பா சிரித்தாராம். "ஜனங்க எப்படி இருக்காங்கன்னு தெரிஞ்சுக்க நாலு வருஷமா? ஒரே ஒரு குளிர்காலம் எங்கூட ஹீட்டர் மாட்ட வா. எல்லாரும் எப்படின்னு ஜனவரியிலயே தெரிஞ்சுடும்."

அப்பாவின் வாயை அடைக்க அவள் துறையின் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். எனக்கும் காட்டினாள். சமூகவியல் படித்தவர்கள் சட்டக் கல்லூரிக்கு ஏன் பொருத்தமானவர்கள் என்று அதில் போட்டிருந்தது. மலைமலையாகப் படிக்கப் பழகியிருப்பார்களாம். ஆதாரமில்லாமல் பேசமாட்டார்களாம். சட்டம் புத்தகத்தில் ஒரு மாதிரியும் தெருவில் வேறு மாதிரியும் இருப்பது அவர்களுக்குத் தெரியுமாம். தன் உணர்ச்சியைக் கலக்காமல் கவனிப்பார்களாம். நான் இரண்டு தடவை படித்தேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை.

கடைசி வருட ஆய்வுக்கு அவள் தேர்ந்தெடுத்தது எங்கள் நீதிமன்றத்து நடைபாதை. விசாரணை அறையில் இருபத்துநான்கு நாற்காலிகள்தான். வக்கீல்களும் வக்கீல் வைத்துக்கொண்டவர்களும் உள்ளே உட்காருவார்கள். மற்றவர்களை வாசல் காவலர் நடைபாதையில் காத்திருக்கச் சொல்வார். ஹீட்டர் சூடு வீணாகக்கூடாதென்று கதவைச் சாத்திவிடுவார்கள். எழுத்தர் அறைக்குள்ளேயே ஒரே ஒரு தடவை பெயரைக் கூப்பிடுவார். ஆள் எழுந்திருக்காவிட்டால், வரவில்லை என்று எழுதி, எதிர்த்தரப்புக்குச் சாதகமாக ஒருதலைத் தீர்ப்பு. வெளியே பத்தடி தூரத்தில் அந்த ஆள் கோட்டைக்கூடக் கழற்றாமல் காத்துக்கொண்டிருப்பார்.

ஏழு மாதம், செவ்வாயும் வியாழனும், மெரிடித் கதவை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதினாள். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அவளுக்கு இரண்டு விதிகள் கொடுத்திருந்தது. யாருடைய உண்மைப் பெயரையும் அடையாளத்தையும் எழுதக்கூடாது, மாற்றித்தான் எழுத வேண்டும். உண்மைப் பெயரும் மாற்றுப் பெயரும் சேர்ந்த பட்டியலை ஆய்வு முடிந்ததும் அழித்துவிட வேண்டும். அவளுடைய பேராசிரியர் மூன்றாவதாக ஒன்று சொல்லியிருந்தார்: அங்கே நடப்பதில் தலையிடாதே, தலையிட்டால் நீ பார்த்தது அந்த இடத்தை அல்ல, உன்னைத்தான். மூன்றையும் அவள் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தாள். பட்டியலைக் காகிதம் அரைக்கும் இயந்திரத்தில் போட்டதற்குச் சான்றிதழ்கூட வைத்திருந்தாள்.

ஆய்வுக்குப் பரிசு கிடைத்தது. பாலாடைக்கட்டித் துண்டுகளைக் குச்சியில் குத்தி வைத்து ஒரு விழா நடத்தினார்களாம். சட்டக் கல்லூரி உதவித்தொகையோடு இடம் கொடுத்தது. ஆய்வின் ஒரு பிரதியை நீதிமன்றத்துக்கும் அனுப்பினாள். நீதிமன்ற நிர்வாகி படித்து, மனம் இளகி, நடைபாதையில் இன்னும் இரண்டு பெஞ்சுகள் போட்டார்.

மெரிடித் எங்களிடம் உதவிக்கு வந்த அந்தக் கோடையில், ஜூன் கடைசியில் நோரீன் டட்லி வந்தார். அறுபத்தொரு வயது, ஊருக்கு வெளியே, வண்டியில் இழுத்துவந்து நிறுத்தும் டிரெய்லர் வீடுகள் நிற்கும் மனைப்பேட்டையில் இருப்பவர். வீடு அவர்களுடையது, மண் பேட்டைக்காரருடையது. கணவர் வெர்னுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் போய்விட்டது. சக்கர நாற்காலி ஏறி இறங்க நோரீனும் அவர் தம்பியும் வாசலில் மரத்தால் ஒரு சாய்தளம் அடித்தார்கள். முன்அனுமதி வாங்காமல் கட்டியது விதிமீறல் என்று பேட்டைக்காரர் வழக்குப் போட்டார். மார்ச் மாதம் விசாரணை. அன்றைக்கு நோரீன் வரவில்லை என்று எழுதி ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டது. வீட்டை இழுத்துப் போக ஆறு மாத அவகாசம். செப்டம்பர் கடைசிக்குள் மனையைக் காலி செய்ய வேண்டும். அந்த டிரெய்லரை முப்பது வருடம் முன்னால் அங்கே நிறுத்தினார்கள். இழுத்தால் இரண்டாகப் பிளந்துவிடும் என்று வெர்ன் சொன்னாராம்.

"நான் போனேன் மாவிஸ். எட்டே முக்காலுக்கெல்லாம் போயிட்டேன். பத்தரை வரைக்கும் உக்காந்திருந்தேன்," என்றார். மூன்று மாதமாக நீதிமன்றத்துக்கு போன் செய்து இதையேதான் சொல்லியிருக்கிறார். நீங்கள் வரவில்லை என்று பதிவில் இருக்கிறது என்பதுதான் ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில். அப்போது மெரிடித் நகல் எடுத்த காகிதங்களோடு என் மேசைப் பக்கம் வந்தாள். நோரீன் அவளையே உற்றுப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன்.

"கண்ணு, கதவோரமா உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிட்டிருந்தியே, நீதானே அது?"

மெரிடித் ஆமாம் என்றாள். கையிலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினாள். நோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்கென்று ஆண்டவனே ஒரு சாட்சியைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்திருக்கிறான் என்று அழுதார். எங்கள் மூத்த வக்கீல் கால்வின் ஷ்ராக் வெளியே வந்து விஷயத்தைக் கேட்டு உற்சாகத்தில் கையைத் தேய்த்துக்கொண்டார். அன்று வந்திருந்தார் என்று நிரூபித்தால் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். தேதி போட்ட நோட்டுப் புத்தகம் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

மறுநாள் மெரிடித் நோட்டைக் கொண்டுவந்தாள். கால்வின் என் மேசையில் வைத்தே புரட்டினார். மார்ச் மாதத்து அந்த வியாழக்கிழமையில் நோரீன் டட்லி என்று யாருமே இல்லை. திருமதி கார்வர் என்று ஒருவர் இருந்தார். வயது நாற்பத்தைந்து, பழுப்புக் கோட்டு. நோரீனிடம் இருக்கும் ஒரே கோட்டு சிவப்பு. கார்வர் யார் என்று சொல்லும் பட்டியல் எங்கே என்று கால்வின் கேட்டார். மெரிடித் அரைத்ததற்கான சான்றிதழை எடுத்து நீட்டினாள். முப்பது வருட அனுபவத்தில் சாட்சியத்தை இவ்வளவு ஒழுங்காக அழித்தவர்களைத் தான் பார்த்ததில்லை, திருடர்கள்கூட ஏதாவது மிச்சம் வைப்பார்கள் என்று கால்வின் சொன்னார்.

பிறகு ஒரு வரியில் அவர் விரல் நின்றது. அதை வாய்விட்டுப் படித்தார். '9:42. உள்ளே திருமதி கார்வரின் பெயர் கூப்பிடப்பட்டது, ஒரு முறை. கதவு சாத்தியிருந்தது. அவர் தலை நிமிரவில்லை.'

கால்வின் கண்ணாடியைக் கழற்றினார். "அவருக்குக் கேக்கல. அப்போ இத எழுதினவங்களுக்கு?"

"நான் கதவுக்குப் பக்கத்துல இருந்தேன்," என்றாள் மெரிடித்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டதும் என்ன பண்ணின?"

"எழுதினேன்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்டேப்ளரை மேசையில் வேகமாக வைத்துவிட்டேன். மெரிடித் விளக்கினாள். அந்த மாதத்தில் அப்படி ஏழாவது ஆள் அவர். ஒருவருக்குச் சொன்னால் எல்லாருக்கும் சொல்ல வேண்டும், அப்புறம் ஆய்வே இல்லை. ஆய்வு வெளிவந்தால் அந்த வழக்கமே மாறி ஆயிரம் பேருக்கு நன்மை என்று நம்பியிருக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. அந்த ஆயிரம் பேரைத் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைவிட நன்றாகவே அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அவள் மேல் கோபம் அப்படியே இருந்தது, பாவமாகவும் இருந்தது.

கால்வின் தன் வழக்கப்படி யோசித்தார். அவர் அங்கே இருந்ததைப் பார்த்தேன் என்று மட்டும் சாட்சி சொல், காதில் விழுந்ததை நீயாகப் போய்ச் சொல்லாதே என்றார். நோரீனிடமும் இப்போது சொல்ல வேண்டாம், மனசு உடைந்துவிடும் என்றார். அவருக்கு உடையக்கூடாது என்றிருந்தது நோரீனின் மனசா வழக்கா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கோடை முழுக்க நோரீன் வாரம் ஒரு தடவை வந்தார். தோட்டத்தில் காய்த்த சுக்கினியைத் துருவிப் போட்டு இனிப்பு ரொட்டி செய்து, மெரிடித்துக்கென்று தனியாகச் சுற்றிக் கொண்டுவருவார். மெரிடித் வாங்கிக்கொள்வாள். அவள் தின்று நான் பார்த்ததில்லை. நாங்கள் மற்றவர்கள்தான் தின்று தீர்த்தோம்.

ஆகஸ்டு கடைசியில் அவள் சட்டக் கல்லூரிக்குப் போனாள். ஒரு மணி நேர தூரம்தான் என்பதால் வெள்ளிக்கிழமை மதியங்களில் எங்களிடம் வந்துவிடுவாள். இரண்டாவது வெள்ளிக்கிழமை வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தாள்.

அன்று காலை, பிறருக்கு இழைக்கும் தீங்கு பற்றிய வகுப்பு நடந்திருக்கிறது. அங்கே பேராசிரியர் பாடம் நடத்துவதில்லை. திடீரென்று ஒரு பெயரைச் சொல்லி எழுப்பிக் கேள்வியால் குடைவார். அன்றைய கேள்வி இது: ஏரிக்கரையில் ஒருவன் நிற்கிறான், கையில் கயிறு. தண்ணீரில் முன்பின் தெரியாத ஒருவன் மூழ்குகிறான். கரையில் இருப்பவன் கயிற்றை வீசாமல் பார்த்துக்கொண்டே நிற்கிறான். சட்டப்படி அவன் பொறுப்பா? வகுப்பே கொதித்துப்போய், பொறுப்புத்தான் என்றதாம். ஒரு பையன் கொலைகாரன் என்றே சொல்லிவிட்டானாம். பேராசிரியர் ஒவ்வொருவரையும் மடக்கி உட்கார வைத்துவிட்டு, மிஸ் ப்ராசெக் என்றாராம்.

மெரிடித் எழுந்து, ஒரே மூச்சில், பொறுப்பு இல்லை என்றாள். ஆபத்தை அவன் உண்டாக்கவில்லை. அவனுக்கும் மூழ்குகிறவனுக்கும் எந்த உறவும் இல்லை, எந்த உறுதிமொழியும் இல்லை. அவன் வெறும் பார்வையாளன். பார்ப்பதால் மட்டும் கடமை வந்துவிடாது. மூழ்கியவனின் நிலைமை அவன் அங்கே நின்றதால் மோசமாகவில்லை, அவன் இல்லாதிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

பேராசிரியர் மகிழ்ந்துபோனாராம். முதல் மாதத்தில் இதை இவ்வளவு சுத்தமாக யாரும் சொன்னதில்லை என்றாராம். இளங்கலையில் என்ன பாடம் என்று கேட்டிருக்கிறார். சமூகவியல் என்றிருக்கிறாள். எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள், சட்டத்துக்கு அதைவிட நல்ல அஸ்திவாரம் இல்லை என்று வகுப்புக்குச் சொன்னாராம்.

"எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க மாவிஸ். பின்வரிசைல ஒருத்தன் என் நோட்டைக் கடன் கேட்டான்," என்றாள். "அப்போ சட்டப்படி நான் ஒரு தப்பும் பண்ணல."

"பண்ணல," என்றேன். "அதான் கோட்டைக்கூடக் கழட்டாம உக்காந்திருக்கியா?"

விசாரணை செப்டம்பர் மூன்றாவது வாரம் வந்தது. காலி செய்ய ஒன்பது நாள்தான் மிச்சம். கால்வினோடு போனதால் நோரீனுக்கு இந்தத் தடவை உள்ளே நாற்காலி கிடைத்தது. அவர் சிவப்புக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பின்னால் நின்றேன். மெரிடித் சாட்சிக்கூண்டில் ஏறி, கால்வின் சொல்லிக்கொடுத்தபடி, இந்த அம்மாவை அன்று பெஞ்சில் பார்த்தேன் என்றாள். அதோடு கால்வின் உட்கார்ந்துவிட்டார்.

பேட்டைக்காரரின் வக்கீல் எழுந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் திருமதி கார்வர் என்று இருக்கிறதே, அது உண்மைப் பெயரா என்றார். இல்லை. வயது? மாற்றியது. கோட்டு? அதுவும் மாற்றியது. அப்படியானால் உண்மையல்லாததை எழுதுவது உங்கள் துறையில் வழக்கமோ என்றார். விதி அப்படி என்றாள். ஏழு மாதத்தில் எத்தனை பேரைப் பார்த்தீர்கள்? இருநூற்றுக்கு மேல். மனுவில் எழுதியிருக்கிறபடி, ஜூன் மாதம் உங்கள் அலுவலகத்தில் முதலில் நீதானே என்று கேட்டது இந்த அம்மாதான், நீங்கள் ஆமாம் என்று மட்டும் சொன்னீர்கள், இல்லையா? ஆமாம். நீதிபதி பேனாவை மூடிவைத்துவிட்டார். கால்வின் காகிதத்தைப் பார்த்தார். வழக்கு கையைவிட்டுப் போவது எனக்கே தெரிந்தது.

"கடைசியா ஒண்ணு மிஸ் ப்ராசெக்," என்றார் அந்த வக்கீல். "அந்தக் கார்வர்தான் இந்த டட்லின்னு சொல்ல, உங்க ஞாபகத்தத் தவிர வேற ஏதாவது இருக்கா?"

மெரிடித் நோரீனைப் பார்த்தாள். நோரீன் அவளுக்குத் தைரியம் சொல்வதுபோலத் தலையை ஆட்டினார்.

"இருக்கு," என்றாள். "அவங்க மடியில சம்மன் இருந்துது. அதுல நோரீன் டட்லின்னு பெரிய எழுத்துல போட்டிருந்துது. ஒன்பது நாப்பத்திரண்டுக்கு உள்ள அந்தப் பேரக் கூப்பிட்டாங்க, ஒரே தடவ. அவங்களுக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுது. கோர்ட்டுப் பதிவுல நேரம் இருக்கும், பாருங்க."

நீதிபதி எழுத்தரைப் பார்த்தார். அறையில் நடப்பதெல்லாம் ஒலிப்பதிவாகும். எழுத்தர் கணினியில் தேடிவிட்டு, பெயர் கூப்பிட்டது ஒன்பது நாற்பத்திரண்டு என்றார். நோட்டில் கார்வரின் பெயரைக் கூப்பிட்டதாக எழுதியிருந்ததும் அதே நேரம்தான், ஆகவே கார்வர் நோரீன்தான்.

நீதிபதி மெரிடித் பக்கம் திரும்பினார். "கேட்டுதுன்னா அவங்ககிட்ட ஏன் சொல்லல?"

"ஆய்வு பண்ணிட்டிருந்தேன்," என்றாள். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தீர்ப்பை ரத்து செய்தார். வழக்கை முதலிலிருந்து விசாரிக்க அக்டோபரில் தேதி கொடுத்தார். அதுவரை டிரெய்லர் நின்ற இடத்திலேயே நிற்கலாம், சாய்தளமும் இருக்கலாம். கால்வின் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவருக்கு அது வெற்றி.

நாங்கள் நடைபாதைக்கு வந்தோம். நோரீன் கோட்டைப் போட்டு, ஒவ்வொரு பொத்தானாக மாட்டினார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் தேவலை என்று மெரிடித் நினைத்தாள் போலிருக்கிறது, அவர் எதிரே போய் நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். நோரீன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அன்னிக்கு நான் ஒரு தடவ பாத்ரூம் போனேன், ஞாபகம் இருக்கா? என் கைப்பையப் பாத்துக்க கண்ணுன்னு உங்கிட்டதான் குடுத்துட்டுப் போனேன்," என்றார். "மடியில வெச்சுப் பாத்துக்கிட்ட. திரும்பி வந்தப்ப, யாரும் தொடலைன்னு சொல்லிக் குடுத்த."

மெரிடித் தலையசைத்தாள்.

"அப்போ மட்டும் பேசினியே," என்றார் நோரீன்.